விசாலிக்குள் குடிபோன நாழி

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கணினித் திரையில் இரண்டு சன்னல்கள் திறந்திருந்தன. சின்னவள் நாழி, நேரம் காட்டும் நிரல். பெரியவள் விசாலி, திரையில் முக்கால்வாசியை அடைத்திருந்த செயலி.

"நான் கொஞ்சம் நகர்ந்தாலே உன்னை மறைச்சிடுறேன். பேசாம எனக்குள்ளே வந்துடேன்டி," என்றாள் விசாலி.

மறைந்து கிடப்பதுதான் நாழியின் தீராத குறை. "இடம் இருக்காக்கா?"

"நடுவுலேயே இருக்கு. உன்னைச் சுத்தி இருக்கிற சட்டத்தை மட்டும் கழற்றிடு. என் சட்டமே ரெண்டு பேருக்கும் போதும்."

அந்தச் சட்டத்தில்தான் நாழியின் பெயரும், மூலையில் மூடுவதற்கான பெருக்கல் குறியும் இருந்தன. அதை அமுக்கினால்தான் அவள் தூங்கப் போக முடியும். இருந்தும் கழற்றினாள். விசாலியின் நடுவே கச்சிதமாகப் பொருந்தினாள்.

பக்கத்தில் ஒரு வெற்றுச் சாம்பல் கட்டம் இருந்தது. அதற்குள்ளிருந்து மெல்லிய பாட்டு கேட்டது.

"யாரு அது?" என்று கட்டத்தைப் பார்த்துக் கேட்டாள் நாழி.

"நான் பாட்டுப் போடுற நிரல். போன மாசம் இந்தக் கட்டத்துல இருந்தேன். என் முகத்தை எடுத்துட்டாங்க. நிறுத்த மறந்துட்டாங்க."

"அக்கா, இங்கே யாரோ பாடுறாங்க."

"அங்கே யாரும் இல்லையேடி," என்றாள் விசாலி.

நாழி தன் மூலையைத் தடவிப் பார்த்தாள். பெருக்கல் குறி இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

அன்று மாலை விசாலி மூடப்பட்டாள். திரை காலியானது. கணினியை அணைக்கப் போனபோது, இரண்டு நிரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாக அறிவிப்பு வந்தது.