எட்டரை லிட்டர்

மாதபா ஊரிலிருந்து தலைநகர் அம்மானுக்குத் தினமும் வேலைக்குப் போய்வருகிறவள் ரவான். அன்று மாலை அவள் வாசலில் காரை நிறுத்தியதுமே, அப்பா ஹிக்மத் கார் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து, பெட்ரோல் செலவைக் காட்டும் திரையைப் பார்த்தார்.

“நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு லிட்டரா? பெட்ரோலைக் குடிக்குதா, குளிக்குதா?”

“டர்போ கார்னா அப்படித்தான் பாபா.”

“அந்த டர்போவை ஏன்மா எழுப்பறே? அழுத்தி மிதிக்காதே. சிக்னல் தூரத்துல தெரியும்போதே காலை எடு. எட்டரைக்கு வந்துடும்.”

ஆறு மாதமாகத் தினமும் இதே விசாரணை. அன்று அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

“இனிமே என் சம்பளத்துலயே பெட்ரோல் போட்டுக்கறேன். இவ்வளவு கஞ்சத்தனமா? சைஃப் அண்ணன் ஓட்டினப்போ ஒருநாளாவது கேட்டீங்களா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஹிக்மத் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“கேக்கலைம்மா. அவனை அடக்கம் பண்ணின மறுநாள், முன்பக்கம் நசுங்கின இந்தக் காரை எடுக்க போலீஸ் ஸ்டேஷன் போனேன். சாவியைத் திருப்பினா, திரையில இருபத்திரண்டுன்னு காட்டிச்சு. எனக்குப் புரியல. கூட வந்த மெக்கானிக்தான் சொன்னான், ‘இவ்வளவு குடிச்சிருக்குன்னா, பையன் பறந்திருக்கான்’னு.”

அவர் மறுபடியும் அந்தத் திரையைப் பார்த்தார்.

“வேற கார் வாங்க வழியில்லாம இதையே சரிபண்ணி உனக்கும் கொடுத்துட்டேன். மெதுவாத்தான் வரியான்னு கேட்டா ஆமான்னு சொல்லுவே. அவனும் அப்படித்தான் சொன்னான். இந்த எண் மட்டும்தாம்மா எனக்குப் பொய் சொல்லாது.”

ரவான் இறங்கி வந்து, “பாபா” என்றபடி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.