மூன்றாவது படி

“உடைங்க,” என்றாள்.

கொத்தனார் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

வாசலில் மூன்று படிகள். காலையிலிருந்து வெயிலில் குந்தி உட்கார்ந்து கட்டியவை. மூன்றாவது மட்டும் மற்ற இரண்டையும்விட ஒரு விரற்கடை உயரம். பூச்சில் இன்னும் ஈரம் காயவில்லை.

“ஒரு விரக்கடதாம்மா. யார் கண்ணுக்குத் தெரியப் போகுது?”

“காலுக்குத் தெரியும். உடைச்சுட்டுச் சரியாக் கட்டுங்க.”

தெருவில் அவளை ஆபரேட்டரம்மா என்றுதான் சொல்வார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். எந்த வார்டுக்கு எந்த எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்தக் குரலுக்கு டாக்டர்களே மறுபேச்சுப் பேச மாட்டார்கள். கொத்தனார் எம்மாத்திரம்? முணுமுணுத்துக்கொண்டே சுத்தியலைத் தேடினார்.

அவருக்கு இந்த வீட்டு வேலை பிடிபடவே இல்லை. ஊரெல்லாம் வழவழவென்று டைல்ஸ் கேட்கிறது. இந்தம்மா சொரசொரப்பாக வேண்டும் என்கிறாள். கல்லு மாதிரி இருந்த நல்ல மரக்கதவுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாசலுக்கும் குளியலறைக்கும் மட்டும் கதவு போதும் என்கிறாள். சமையல் மேடையின் முனையை மழுக்கச் சொன்னபோது அவர் கேட்டே விட்டார், வீட்டுக்குக் கைக்குழந்தை ஏதும் வரப்போகிறதா என்று.

கல்யாணமே செய்துகொள்ளாதவள். ஐம்பதைத் தாண்டியவள். சிரித்துக்கொண்டே மேடை முனையைத் தடவிப் பார்த்தாள்.

சுத்தியல் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து தம்பி எட்டிப் பார்த்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

“கட்டினதை இடிக்கறதுக்கு ஒரு கூலியா? அக்கா, நான் சொல்றதைக் கேளு. ஆறாவது மாடி. லிப்ட், வாட்ச்மேன், எந்நேரமும் தண்ணி. ஒழுகற வீட்டைக் கட்டிக்கிட்டு எதுக்கு அழற?”

“ஒழுகல் போன வாரமே அடைச்சாச்சு.”

“சரி, ஃபிளாட் வேணாம். எங்க வீட்டு மாடி ரூம் சும்மாதானே கெடக்கு? வேளாவேளைக்குச் சாப்பாடு மேல வந்துடும். நீ ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேணாம்.”

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தபடியே இருந்தாள். மீசையில் அங்கங்கே நரை. இடது புருவத்தில், சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு.

“அதுக்குத்தாண்டா வரல,” என்றாள்.

அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

“போறப்போ அந்த டீப்பாயை எடுத்துட்டுப் போ.”

ஹாலின் நடுவே இருந்த டீப்பாய். அவன் முதல் சம்பளத்தில் அக்காவுக்கென்று வாங்கிய பொருள். நாற்காலிகள் எல்லாம் ஏற்கெனவே சுவரோரம் போயிருந்தன. இது ஒன்றுதான் பாக்கி.

அவன் முகம் சுருங்கிப் போனது. “இதுகூட வேண்டாமாக்கா உனக்கு?”

அவள் குனிந்து அதன் ஒரு முனையைத் தூக்கிக் கொடுத்தாள்.

டீப்பாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். வழக்கமாகச் சொல்கிற ‘வரேன்’ அன்றைக்கு இல்லை.

தெருமுனை திரும்பும் வரை அவள் கேட்டைப் பிடித்தபடி நின்றாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொத்தனாரிடம் வந்தாள். படியைத் திரும்பக் கட்டி முடித்ததும், ரசமட்டத்தை அவர் கையிலிருந்து வாங்கித் தானே அதில் வைத்துப் பார்த்தாள். குமிழி நடுவில் நின்றதும்தான் கூலியைக் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது படி நன்றாகக் காய்ந்திருந்தது.

கேட்டைச் சாத்தித் தாழ் போட்டாள். செருப்பைக் கழற்றினாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

முதல் படி. இரண்டாவது. மூன்றாவது. தடுக்கவில்லை.

ஹாலில் நேராக நடந்தாள். சமையலறை நிலையில் தோள்பட்டை நங்கென்று இடித்தது.

“ராங் நம்பர்,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கேட்டுக்குப் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி ஒருநாள் முழுதாகவே போய்விடும், மருந்து கிடையாது என்று கண் டாக்டர் போன மாதம் சொல்லியிருந்தார். அதை அவள் இன்னும் ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது சொன்னால் தம்பி அழுவான். அழுதுகொண்டே மாடி அறையைக் கூட்டிப் பெருக்கி வைப்பான். மாட்டேன் என்று சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இருக்காது.

பழகிய பிறகு சொன்னாலும் அழத்தான் செய்வான். ஆனால் அப்போது அவனை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, அவளே எழுந்து போய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

இந்தத் தடவை தோள் இடிக்கவில்லை. கை மேடையைத் தடவியது; தம்ளர் கிடைத்தது, குழாய் கிடைத்தது. தண்ணீர் வழிந்து மணிக்கட்டை நனைத்த பிறகுதான் நிறுத்தத் தெரிந்தது. நின்றபடியே குடித்தாள்.

கண்களைத் திறந்தாள். ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது.

தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடியும் கேட்டுக்குப் போனாள்.