வக்கீல் வரும் நேரம்

வக்கீல் கிளம்பிவிட்டதாகப் போன் வந்ததும், தம்பி படுக்கையில் கிடந்த அப்பாவின் வாயில் தூக்க மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினான். அது ராத்திரி போடவேண்டிய மாத்திரை. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

கதவோரம் நின்ற அக்கா ஓரடி உள்ளே வந்தாள்.

"இப்ப எதுக்குடா அது?"

"அப்பா பாவம், நல்லா தூங்கட்டும். நீ உள்ள போக்கா."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வந்த வக்கீலை, "தூங்குறார் சார், இன்னொரு நாள் பாக்கலாம்" என்று வாசலோடு அனுப்பிவைத்தான். போன வாரமும் இதே கூத்து.

விரும்பியவனைக் கட்டிக்கொண்டு போனவள் அவள். அவனும் போய்ச் சேர்ந்தபின், கைக்குழந்தையோடு போக்கிடமில்லாமல் திரும்பியிருந்தாள். அப்பா அவள் கையால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். அவளைக் கண்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆனாலும் கொஞ்ச நாளாக, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் "வக்கீலைக் கூப்பிடு" என்று முனகுகிறாரே! கல்லும் கரைந்துவிட்டது, பேரப்பிள்ளைக்கு ஒரு அறையாவது எழுதிவைப்பார் என்று அவள் நம்பினாள். அதற்குத்தான் இவன் குறுக்கே நிற்கிறான்.

அப்பாவின் மூக்குக்கண்ணாடி காணாமல் போனது. வீட்டில் மருந்துக்குக்கூட ஒரு பேனா இல்லை. தம்பி அறை வாசலிலேயே பாய்போட்டுப் படுக்க ஆரம்பித்தான்.

ஒரு விடியற்காலையில் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். அவளுக்குத் தம்பியின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

எல்லாம் ஓய்ந்தபின், வீட்டைப் பேர் மாற்ற அவளையும் ஆபீசுக்கு அழைத்துப்போனான். 'எனக்கு ஒண்ணும் வேண்டாம்'னு எழுதி வாங்கப் போகிறான் என்று விரல்களை முந்தானைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"உயில் ஏதாவது இருக்கா?" என்றார் அதிகாரி.

"இல்ல சார்."

"வாரிசு?"

"நாங்க ரெண்டு பேர்தான். அம்மா முன்னாடியே தவறிட்டாங்க."

"அப்ப ஆளுக்குச் சரிபாதி. சம்மதமா?"

"சம்மதம்" என்றான் தம்பி.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்தாள். "இதுக்கா அந்த வக்கீலை விரட்டின?"

"உள்ள விட்டிருந்தா, மொத்த வீட்டையும் என் பேருக்கு எழுதியிருப்பார்க்கா. உனக்குப் பங்கு குடுக்கத்தான் அவருக்கு அவ்வளவு அவசரம்னு நெனச்சியா?"

"எழுதட்டுமேடா! அப்புறம் நீ எனக்குப் பாதி குடுத்திருக்க மாட்டியா?"

தம்பி அவள் கையிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"குடுத்திருப்பேன்னு எனக்கே நம்பிக்கை இல்லக்கா."