கடையின் மானம்

“வந்தவங்களுக்கு என்ன வேணும்னு கேளு.”

மூக்குக்கண்ணாடிக் கடைப் பெரியவர் தம்பி மகனிடம்தான் சொன்னார். எதிரே, கம்பி ஒடிந்த கண்ணாடியோடு நின்றவளை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

வந்தவள் அவருடைய ஒரே மகள். தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டு போனவள். அன்றே அவள் எண்ணைப் போனில் தடுத்துவைத்தவர் அவர். அவள் பேச்சை எடுத்தாலே பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார்.

“உட்காருங்கக்கா,” என்ற தம்பி மகன், கணினிக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டான். அப்பனுக்கும் மகளுக்கும் நடுவே தூது போவது அவனுக்குக் கூசியது.

கடைக்கு இணையதளம் எழுதியவன் அவன்தான். திறந்துவைத்த அன்றே, பெரிய மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ‘எங்களுக்கு எழுதுங்கள்’ பக்கத்தில் மடலை அனுப்ப முடியவில்லை என்று பிஎச்பி நிரல்மொழியின் எச்சரிக்கை ஒன்று திரையில் பல்லிளித்தது.

“கடை மானம் கப்பலேறுதுடா. முதல்ல அதை மறை,” என்றார் பெரியவர்.

அவனும் நிரலில் அந்த வரிக்கு முன்னால் ஒரு ‘@’ போட்டான்; பிழையைத் திரையில் காட்டாமல் விழுங்கிவிடும் குறி அது. எச்சரிக்கை மறைந்தது. எழுதி அனுப்புகிறவர்களுக்கு அந்த இடத்தில் தன் பெயரோடு மரியாதையாக என்ன வர வேண்டும் என்று பெரியவரே வாசகம் சொன்னார். கோளாறு ஏன் வந்தது என்று பிறகு பார்க்கலாம் என்றிருந்தான். அந்தப் பிறகு வரவே இல்லை.

“இத்தனை வருஷத்துல ஒரு வரி எழுதத் தோணுச்சான்னு கேளு.” பெரியவரின் குரல் லேசாகப் பிசிறியது.

“எழுதினேன்னு சொல்லு தம்பி. நம்ம கடை இணையதளத்துலதான். குழந்தை பிறந்தப்ப எழுதினேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப எழுதினேன். ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போகட்டுமான்னு கேட்டுக்கூட எழுதினேன்.”

தம்பி மகனுக்கு அந்த ‘@’ நினைவுக்கு வந்தது. சொல்லிவிட வாயெடுத்தான். அதற்குள் பெரியவர் முந்திக்கொண்டார்.

“பொய். தினமும் கடை திறந்ததும் கடைக்கு வந்த மடலைத்தானே நான் முதல்ல பார்க்கறேன்,” என்ற பெரியவர், வாய்தவறிச் சொன்னது உறைத்ததும் கூனிக்குறுகிப் போனார்.

மகள் அப்போதுதான் நேராக அவரைப் பார்த்தாள்.

“ஒவ்வொரு தடவையும் ‘செய்தி கிடைத்தது, நன்றி’ன்னு உங்க பேர் போட்டுத்தானேப்பா பதில் வந்துச்சு.”