மடியில் கிடந்த கால்

ரூபிகாவின் மடியில் தம் கணவரின் கால் கிடப்பதைப் பாலேஸ்வரி அம்மையார் குசினி வாயிலில் நின்றவாறே நோக்கிக்கொண்டிருந்தார். அந்நோக்கில் இருந்தது பொறாமையன்றி வேறன்று.

வரதராசா அன்று விடியவே முகம் மழித்து, பவுடர் பூசி ஆயத்தமாகியிருந்தார். அவருடைய கணுக்காலுக்கு மேலே நெடுநாளாய் ஆறாதிருந்த புண்ணைக் கழுவி இறுகக் கட்டுவதற்காக, தாதியான ரூபிகா வாரந்தோறும் கிருலப்பனையிலிருந்து வெள்ளவத்தையிலுள்ள அவர்களுடைய மாடி வீட்டுக்கு வந்து போவாள்.

"அங்கிள், புண் நல்லாச் சுருங்கிட்டுது. இனிப் பின்னேரத்திலை கடற்கரைக்கு நடக்கலாம்."

"எல்லாம் உம்மடை கைராசி, பிள்ளை."

குசினிப் பக்கம் சட்டியொன்று பெருஞ்சத்தத்துடன் விழுந்தது.

"கைராசியோ! இவ்வளவு காலமும் சோறு போட்ட கைக்கு ஒரு ராசியும் இல்லையாக்கும்" என்றார் பாலேஸ்வரி.

"கேட்டீரே பிள்ளை? எரியிறது என்ரை புண் இல்லை, ஆரின்ரையோ வயிறு" என்று வரதராசா கண்ணைச் சிமிட்டினார்.

ரூபிகா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். காலைச் சுற்றிப் பஞ்சை வைத்து, அதன்மேல் இழுபடும் கட்டுத்துணியை இறுக்கி இறுக்கிச் சுற்றலானாள். அம்மையாரோ கதவுநிலையைப் பற்றியபடி ஒவ்வொரு சுற்றையும் கண்கொட்டாமற் பார்த்தார்.

"அன்ரி, வந்து இருங்கோவன். கன நேரமா நிக்கிறியள்."

"இருந்தா எழும்பேலாது. நான் நிக்கிறன்." சற்றுப் பொறுத்து அவரே கேட்டார்: "உவ்வளவு இறுக்கவேணுமே?"

"விளங்குதே பிள்ளை? உம்மை நிப்பாட்டிப்போட்டு, இனித் தான் கட்டப்போறா. அதுதான் களவாப் படிக்கிறா" என்றார் வரதராசா.

ரூபிகாவின் முகம் மாறியது. புண் முழுதும் ஆறுமுன் கட்டு நின்றுவிட்டால், இதுவரை பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமே!

"அன்ரி, குறை நினையாதேங்கோ. கால்விரலடியிலை துடங்கித்தான் மேலை சுத்திக்கொண்டு போகவேணும். மேலையிருந்து கீழை சுத்தினா, பாதம் வீங்கிப் புண் இன்னும் மோசமாயிடும். என்னைப் பிடிக்காட்டி வேறை ஆளை அனுப்பிவிடுறன். நீங்களாக் கட்ட மட்டும் வெளிக்கிடாதேங்கோ."

அம்மையாரின் முகம் வெளிறிற்று.

"மேலையிருந்து சுத்தக்கூடாதோ?"

"கூடவே கூடாது."

கடலோரத்து ரயில் யன்னல்களை அதிரவைத்துச் சென்றது. அவ்வொலி அடங்கும்வரை அம்மையார் அசையவில்லை. பின்னர் மெல்ல வந்து, ரூபிகாவுக்கு எதிரேயிருந்த கதிரையில் அமர்ந்தார். நிலந்தொடும் தம் ஹவுஸ்கோட்டை முழங்கால்வரை உயர்த்தினார்.

வரதராசாவின் காலிலிருந்து முன்னர் கழற்றிய கட்டுத்துணியொன்று, அங்கே முழங்காலிலிருந்து கீழ்நோக்கி இறுகச் சுற்றப்பட்டிருந்தது. கணுக்காலருகே அதில் புண்ணின் ஈரம் ஊறியிருந்தது. அதன்கீழே பாதம் பொதுபொதுவென்று வீங்கிக் கிடந்தது.

வரதராசா முன்னே சாய்ந்து அக்காலை உற்றுப் பார்த்தார்.

"பாலேஸ்... ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"ரெண்டு பேரும் காலை நீட்டினா, ஆர் உலை வைக்கிறது?"

ரூபிகா எழுந்து வந்து, தரையில் அமர்ந்து, அம்மையாரின் காலை மெல்லத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். அவளுடைய தலையை வருடிக்கொண்டே பாலேஸ்வரி சொன்னார்:

"எனக்கு எரிச்சல் உன்னிலை இல்லைப் பிள்ளை, இவரின்ரை காலிலைதான்."