முப்பத்தேழு டிகிரி

திருவானைக்காவலில் ஒரு தனியார் சோதனைக்கூடம். செவ்வாய்க்குப் போகவிருக்கும் வண்டியின் கருவிப்பெட்டியை, அந்தக் கிரகத்தின் இரவுக்குளிரை உண்டாக்கும் அறைக்குள் வைத்திருந்தாள் பொறியாளர் வேணி. ஹீட்டர் இல்லாமல் பெட்டி எவ்வளவு வேகமாகக் குளிர்கிறது என்று பார்க்கவேண்டும். பெட்டி குளிரவே இல்லை. திரையில் முப்பத்தேழு டிகிரி என்றே காட்டியது.

"பேட்டரியைக் கழட்டிட்டீங்களா?"

"காலையிலேயே கழட்டிட்டேன் மேடம்," என்றார் டெக்னீஷியன் பூவரசன். "முப்பத்தேழுன்னா நம்ம உடம்புச் சூடுங்க."

பெட்டியை வெளியே எடுத்துத் திறந்தார்கள். கருவிகளைத் தவிர உள்ளே ஒன்றுமில்லை. பெட்டியை மறுபடி மூடி, மேசைமேல் வைத்தார்கள். மதியத்துக்குள் முப்பத்தொன்பது ஆனது; பிறகு நாற்பது.

"காய்ச்சல் ஏறுற மாதிரியே இருக்குங்க. வாங்க, போயிரலாம்." பூவரசன் வாசலுக்கே போய்விட்டார்.

வேணியும் வாசல் பக்கம் திரும்பினாள். ஆனாலும் வீட்டில் பிள்ளைக்குச் செய்வதுபோல, கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து பெட்டியின்மேல் போட்டு, கையால் அழுத்தினாள். எண் மெல்ல இறங்கி முப்பத்தேழில் நின்றது. கையை எடுத்தாள். உடனே ஏறியது. திரும்ப வைத்தாள். இறங்கியது.

பொழுது சாய்ந்தது. வாசலிலிருந்து பூவரசன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வேணி பயத்தில் அழுதாள். கையை மட்டும் எடுக்கவில்லை.