பொறுங்கக்கா

கம்பெனி கைவிட்ட பழைய எம்பி3 பிளேயர்களுக்குப் புது மென்பொருள் எழுதும் குழுவில் ஒரு விதி உண்டு. கம்பெனி எழுதியதைப் பிரித்துப் படித்து விளக்குபவர் ஒருவர். அதைக் கண்ணாலும் பார்க்காமல் புதிதாக எழுதுபவர் வேறொருவர். ஒரு வரி ஒத்துப்போனாலும் காப்பி என்று மொத்த உழைப்பையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். போடியில் ஜாய்ஸ் படித்தாள். கம்பத்தில் முபீனா எழுதினாள்.

முபீனாவின் கைவேலையில் ஜாய்ஸுக்கு அப்படியொரு பெருமை. தமிழே காட்டத் தெரியாத அந்தக் குட்டித் திரைக்குப் புள்ளி புள்ளியாக எழுத்துச் செய்திருந்தாள்.

"ஆன் பண்ணதும் ஒரு வார்த்தை வரும்க்கா, உங்களுக்குத்தேன். 'று'வுக்கு வால் மட்டும் கோணிப்போச்சு. நாளைக்கு அனுப்புறேன்" என்றாள் முபீனா போனில்.

"ஏ புள்ள, என்னான்னு இப்பவே சொல்லேன்!"

முபீனா சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

அன்று இரவே, தேனியில் வாங்கி வந்த, இருபது வருடமாக சீல் உடைக்காத பிளேயர் ஒன்றைப் பிரித்து, ஜாய்ஸ் சார்ஜ் போட்டாள். கம்பெனியின் பெயர் வர வேண்டிய இடத்தில் 'பொறுங்கக்கா' என்று வந்தது. 'று'வின் வால் கோணியிருந்தது.

ஒத்துப்போனால் உடனே குழுவுக்குச் சொல்ல வேண்டும். எதற்கும் அவசரப்படும் ஜாய்ஸ் போனைக் கீழே வைத்துவிட்டு, திரை சொன்னபடி பொறுத்திருந்தாள்.